பெயரைப் பிரித்தால் போதுமா?

(சிக்கன, கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமொன்றின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சட்டத்தரணியாகிய நான் முதலீட்டைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால், பணத்தைப் பறிகொடுத்தவர் கடைசியில் வந்து நிற்பது சட்டத்தரணியின் வாசலிலேதான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். தமது பணிக்கொடைப் பணத்தைத் தம் பெயரிலும், மனைவி பெயரிலும், மகள் பெயரிலுமாக மூன்றாக்கி வைப்பிலிட்டிருந்தார். மூன்றும் ஒரே நிதிக் கம்பனியில். கம்பனி கதவடைத்தது, மூன்றும் ஒருங்கே போயின. கட்டாய வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010ஆம் ஆண்டிலேதான் வந்தது. அவருடைய இழப்பு அதற்கு முந்தியது. “தம்பி, நான் பணத்தைப் பிரித்துத்தானே போட்டேன்?” என்று அவர் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அவர் பிரித்தது பெயரை, ஆபத்தை அல்ல.

அன்பர்களே! இந்நாட்டின் சரித்திரமே இதற்குச் சான்று. 1869ஆம் ஆண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. தோட்டங்கள் பல; உடைமையாளர் பலர்; பயிரோ ஒன்று! அக்கோப்பியில் பெரும் பணத்தை முடக்கியிருந்த ஓரியண்டல் வங்கி 1884ஆம் ஆண்டில் முறிந்தது. அதன் நோட்டுகளைக் கையில் வைத்திருந்த மக்கள் கலங்கினர். அரசாங்கம் அந்நோட்டுகளுக்குப் பொறுப்பேற்க நேர்ந்தது.

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பட்ட பாடும் இதுவே. 1970ஆம் ஆண்டுக்குப் பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், செத்தல் மிளகாயும் வெங்காயமும் நம் மண்ணைச் செழிக்கச் செய்தன. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்தது. மிளகாயை மட்டும் நட்டவர் வீழ்ந்தார். மிளகாயும் வெங்காயமும் நட்டவரும் உடன் வீழ்ந்தார். ஏன்? இரண்டையும் தாங்கிநின்ற தூண் ஒன்றே. அது கொழும்பின் இறக்குமதிக் கொள்கை!

இவ்வுண்மையைக் கணிதமாக்கி 1952ஆம் ஆண்டில் எழுதியவர் ஹரி மார்க்கோவிட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர். 1990இல் நோபல் பரிசு பெற்றார். எத்தனை பங்குகளை வைத்திருக்கிறோம் என்பதைவிட, அவை ஒன்றோடொன்று சேர்ந்து விழுமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. பத்து வங்கிகளின் பங்குகளை வாங்கியவன் பத்துத் தொழில்களில் முதலிட்டவன் ஆகான்.

உத்தியோகத்தர்களுக்கும் ஒரு சொல். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் என்ரோன் கம்பனி முறிந்தபோது, முதுமைக்கென வைத்த சேமிப்பின் பெரும்பகுதியை அக்கம்பனிப் பங்கிலேயே போட்டிருந்த ஊழியர் பலர், வேலையையும் சேமிப்பையும் ஒரே வேளையில் இழந்தனர். சம்பளம் வரும் இடத்திலேயே சேமிப்பையும் வைப்பது அறிவுடைமையா?

ஆகவே, முதலில் உங்கள் வருமானம் எதை நம்பி நிற்கிறது என்று பாருங்கள். சேமிப்பை வேறொன்றை நம்பி நிறுத்துங்கள். மழையை நம்பும் வயலுள்ளவர், மிச்சப் பணத்தில் அருகிலுள்ள வயலையே வாங்குவது பிரிப்பு ஆகாது. தேயிலை, ஏற்றுமதி, சுற்றுலா எனப் பல துறைப் பங்குகளை வாங்க வசதியில்லாதவருக்கு யூனிட் டிரஸ்ட் என்னும் கூட்டு முதலீடு உண்டு. ஆனால் விதைக்கும் பசளைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் இவ்வாண்டு வேண்டிய பணம் பங்குச் சந்தைப் பக்கமே போகலாகாது. கடன்பட்டுப் பங்கு வாங்குவது அழிவுக்கு வழி.

பிரித்து வைத்தால் இழப்பே வராது என்று நான் சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. வங்கியில் வைத்த ரூபா ஒன்றும் குறையவில்லை. அதன் பெறுமதி கரைந்தது. பிரித்து வைத்தல் செல்வத்தைப் பெருக்கும் மந்திரமன்று. ஒரே அடியில் குடும்பம் வீழாமற் காக்கும் வேலி.

கொள்கை வகுக்கும் இடத்தில் நம் குரல் ஒலிக்கவேண்டும் என்று போராடுவது நம் கடமை. அக்குரல் செவியேறும் வரை நம் வீடுகளைக் காப்பதும் கடமையே.

இறுதியாக ஒன்று. பிறர் பணத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அதைப் பலவாகப் பிரித்து முதலிடும் தேவையைக் கருதவேண்டும் என்று இங்கிலாந்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்தது. இச்சங்கத்தின் ஒதுக்கு நிதியும் அத்தகைய பொறுப்புப் பணமே. அது எங்கே இருக்கிறது? எத்தனை இடத்தில் இருக்கிறது? இன்று கூட்டம் கலையுமுன் நிருவாக சபையிடம் கேளுங்கள்.