கடையின் பின்னறை
(சங்கத்தின் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்தின் முன் இருக்கும் கேள்வி சிறியதுதான். நம் சங்கத்தின் பழைய பண்டசாலை மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைக் கிடங்காக வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். பழுது பார்த்து மறுபடி திறக்கலாம் என்கிறார்கள் சிலர். வெறும் கணக்கென்று பார்த்தால் வாடகைதான் லாபம். அதை மறுக்க நான் எழுந்து நிற்கவில்லை. ஆனால் ஒரு மளிகைக் கடை ஒரு ஊருக்கு என்ன செய்தது என்று நடந்த வரலாறு ஒன்று உண்டு. அதைக் கேட்டுவிட்டுக் கையைத் தூக்குங்கள்.

அமெரிக்காவின் தெற்கில் தென் கரோலினா என்று ஒரு மாநிலம். அதன் கரையோரம் ஜான்ஸ் தீவு. அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அங்கே வயல்வேலை செய்து பிழைத்தார்கள். அவர்களில் ஒருவர் ஈசா ஜென்கின்ஸ். பள்ளிப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. சொந்தமாக ஒரு பஸ் வாங்கி, தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்கு விடியற்காலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போவார். 1948-இல் தம் மக்களைச் சேர்த்து ‘ப்ராக்ரசிவ் கிளப்’ என்று ஒரு மன்றம் தொடங்கினார். முற்போக்கு மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாநிலத்தில் ஓட்டர் லிஸ்டில் பேர் சேர்க்கப் போனால் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டச் சொல்வார்கள். கறுப்பு மனிதனுக்குப் பள்ளிக்கூடம் சரியாகக் கொடுக்காதவர்களும் அவர்கள்தான், படித்துக் காட்டு என்று கேட்டவர்களும் அவர்கள்தான். ஜென்கின்ஸ் தம் பஸ்ஸிலேயே அந்தப் பகுதியை அச்சடித்துக் கொடுத்து, போகிற வழியெல்லாம் விளக்கம் சொல்வார். ஆலிஸ் வைன் என்ற அம்மையார் அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தார். ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. “எனக்கு நிஜமாகவே படிக்கத் தெரிய வேண்டும்” என்று ஜென்கின்ஸிடம் கேட்டார்.

1954-இல் ஜென்கின்ஸ், டென்னசி மாநிலத்தில் இருந்த ஹைலாண்டர் என்ற தொழிலாளர் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். பெரியவர்களுக்கு இரவுப்பள்ளி வேண்டும், உதவுங்கள் என்று கேட்டார். உதவ அவர்கள் தயார். எங்கே நடத்துவது? ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கேட்டார்கள், தலைமையாசிரியருக்குப் பயம். கோயிலைக் கேட்டார்கள், போதகருக்கும் பயம். குற்றம் சொல்ல வேண்டாம். வேலை போய்விடும் என்ற பயம் எப்படிப்பட்டது என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை, உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தார் என்பதற்காகவே 1956-இல் வேலையை இழந்தார். அவர்தான் பிறகு இந்தப் பள்ளிகளைக் கட்டி வளர்த்தவர்.

கடைசியில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை மன்றமே வாங்கியது. ஹைலாண்டர் 1,500 டாலர் கடன் கொடுத்தது. முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை. பின்பக்கம் வகுப்பறை. ரோட்டில் போகிற வெள்ளைக்காரருக்கு அது சாமான் விற்கும் இடம், அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றாது. கடை வெறும் மறைப்பும் அல்ல. தங்கள் சாமானைத் தங்கள் கடையிலேயே வாங்கினார்கள். கடனை அடைக்கவும் அந்த வியாபாரம் உதவியது.

1957 ஜனவரி 7-ஆம் தேதி முதல் வகுப்பு. வயலில் வேலை குறைந்த குளிர்காலம் பார்த்து, வாரத்தில் இரண்டு இரவு. வந்தவர்கள் 14 பேர். சொல்லிக் கொடுத்தவர் பெர்னீஸ் ராபின்சன் என்ற பெண். அவர் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல, பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்பவர், தையல் தெரிந்தவர். வேண்டுமென்றே அப்படிப்பட்ட ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாத்தியாரைக் கண்டால் வளர்ந்தவர்கள் கூசுவார்கள் அல்லவா? அவர் முதலில் கேட்டது, நீங்கள் என்ன கற்க வேண்டும் என்று. தன் பெயரை எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதிலிருந்தே பாடம் தொடங்கியது. பேர் எழுதப் பழகிய கையே பிறகு ஓட்டுப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டது.

அந்தப் பின்னறையைப் பார்த்துப் பக்கத்துத் தீவுகளில் பள்ளி வந்தது. 1961-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு அதை எடுத்துக்கொண்டு தென் மாநிலங்கள் முழுக்கக் கொண்டு போயிற்று. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இதற்கு நடுவே, 1963-இல், ஜான்ஸ் தீவில் மன்றம் புதுக் கட்டடம் கட்டியது. அதிலும் கடையை விடவில்லை. கடையோடு விளையாட்டுக் கூடமும் வெளியூர்க்காரர் தங்க அறைகளும் சேர்ந்தன.

ஜென்கின்ஸ் 1972-இல் காலமானார். 1989-இல் வந்த ஹியூகோ புயல் அந்தக் கட்டடத்தைச் சிதைத்தது. 2007-இல் அதை அந்த நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஜென்கின்ஸ் ஓட்டிய வேனின் பாகங்கள் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நல்லதுதான். ஆனாலும் கட்டடத்தை மீட்டு மறுபடி ஊர் கூடும் இடமாக்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரர் பாடுபட்டிருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குப் போய் யாரும் நாலு பேரோடு உட்கார்ந்து பேச முடியாதே.

இனி நம் கதை. நம் அரசியல் சட்டம் 1950-லேயே எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஓட்டு கொடுத்தது. அந்த வகையில் அமெரிக்காவை முந்தினோம். அங்கே ‘படி’ என்று தடுத்தார்கள். இங்கே நம்மைத் தடுப்பது விலாசம். நெல்லையிலும் சேலத்திலும் ஓட்டர் லிஸ்டில் பேர் இருக்கிறது, ஆள் மும்பையில் இருக்கிறான். ஓட்டுப் போட ரயில் ஏறினால் ஒரு வாரக் கூலி போச்சு. பேரை இங்கே மாற்ற 8-ஆம் எண் படிவம் இருக்கிறது. புதிதாகச் சேர்க்க 6-ஆம் எண் படிவம் இருக்கிறது. இந்த லைனில் எத்தனை வீட்டுக்கு அது தெரியும்? ஊர் ரேஷன் கார்டைக் கொண்டே எந்த மாநிலத்திலும் அரிசி கோதுமை வாங்கலாம் என்ற ஏற்பாடு 2022-இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. ஆனாலும் வெளி மார்க்கெட்டில் முழு விலை கொடுத்து அரிசி வாங்கும் தாய்மார்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

அதற்குத்தான் பின்னறை வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை. படிவம் நிரப்பத் தெரிந்த நம் வீட்டுப் பெண்பிள்ளைகள், பையன்கள் போதும். வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று முதலில் கேட்கட்டும். பஸ் போர்டில் இருக்கும் மராத்தி எழுத்தைப் படிக்க வேண்டும் என்று ஒரு அம்மாள் சொன்னால் அதிலிருந்தே தொடங்கட்டும்.

முன்பக்கத்தில் கடை. அரிசி, பருப்பு, புளி, எண்ணெய். கடை இல்லாத படிப்பகம் ஒரு மாதத்தில் காற்றாடும். சாமான் வாங்க வருகிறவர்தான் பின்னறைக்கும் வருவார். கணக்கை மாதாமாதம் சுவரில் ஒட்ட வேண்டும். முன்பு பூட்டு விழுந்ததற்குக் கடன் நோட்டு பாதிக் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பணத்துக்கு எங்கே போவது என்று செயலாளர் கேட்பார். கூரைத் தகடும் மரமும் வாங்கத்தான் வேண்டும். ஆனால் கொத்தனார், தச்சர், பெயிண்டர் எல்லாரும் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆளுக்கு அரை நாள் கேட்கிறேன்.

ஆகவே வாடகைத் தீர்மானத்தை ஆறு மாதம் ஒத்திவைக்கும்படி திருத்தம் கொண்டு வருகிறேன். சாவியைப் பொருளாளர் இன்றே என்னிடம் கொடுத்தால், வருகிற ஞாயிறு முதலில் பின்னறைக்கு ஒரு விளக்குப் போட்டுவிடலாம்.