சி.டி.சி. வேறு, கைக்கு வருவது வேறு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

பார்க்கிங் பிரச்சினைக்கும் தண்ணீர் லாரிக் கணக்குக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய செயலாளருக்கு நன்றி.

26 வருடம் ஹெச்.ஆர். துறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் நான். ஒரு பதவிக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று முன்பே ஒரு வரம்பு போட்டிருப்போம். முதலில் சொல்லும் தொகை பெரும்பாலும் அதன் உச்சியில் இருக்காது. மரியாதையாகக் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெற்றதை நான் பார்த்ததில்லை. "முடியாது" என்போம், அவ்வளவுதான்.

ஆனால் எதைக் கேட்பது? நம் பி பிளாக் தம்பி ஒருவருக்கு 12 லட்சம் சி.டி.சி. என்று ஆஃபர் வந்தது. (அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.) மாதம் ஒரு லட்சம் என்று நினைத்து, 45,000 ரூபாய் இ.எம்.ஐ.யில் வீட்டுக்கடன் போடக் கிளம்பிவிட்டார். தாளை வாங்கிப் பார்த்தேன். பேசிக் 6 லட்சம். அதில் 12 சதவீதம், அதாவது 72,000, கம்பெனி தரப்பு பி.எஃப். கிராஜுவிட்டிக்கு 28,860. இன்சூரன்ஸ் பிரீமியம் 10,000. வேரியபிள் பே 1,20,000. அது வருட முடிவில், கிடைத்தால் உண்டு. இவையெல்லாம் போக மாதம் சுமார் 80,760. அதிலும் அவர் பங்கு பி.எஃப். 6,000 பிடித்தால் கைக்கு 74,760. தொழில் வரி தனி. ஒரு லட்சம் எங்கே, இது எங்கே!

அவர் மறுபடி பேசினார். மொத்தத்தைக் கூட்ட மறுத்துவிட்டார்கள். ஆனால் வேரியபிளில் பாதியை நிலையான அலவன்ஸாக மாற்றச் சம்மதித்தார்கள். மாதம் 5,000 கூடியது. வீட்டுக்கடனை மட்டும் கொஞ்சம் சிறிதாக்கிக்கொண்டார்.

"இப்போது என்ன வாங்குகிறீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். பொய் சொல்லாதீர்கள்; சம்பளச் சீட்டு கேட்பார்கள், மாட்டிக்கொள்வீர்கள். உண்மையைச் சொல்லிவிட்டு, "இந்தப் பொறுப்புக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு" என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த அமைதி தாங்காமல் நாமே குறைத்துவிடுவதுதான் நம் ஊர்ப் பழக்கம்.

குழந்தைக்காக இரண்டு மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பும் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "வேலை கிடைத்ததே பெரிது" என்று பழைய சம்பளத்தையே கேட்டு வருவார்கள். அதே நாற்காலிக்கு அடுத்த வாரம் வருபவருக்கு அதைவிட அதிகம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கேட்டிருந்தால் இவர்களுக்கும் கொடுத்திருப்போம். அந்தப் பதவிக்கு இன்று வெளியில் என்ன விலை என்று நான்கு பேரிடம் விசாரித்துவிட்டு உட்காருங்கள்.

90 நாள் நோட்டீஸ் பீரியடை விலைக்கு வாங்குவதென்றால் பணம் யார் கட்டுவது என்பதை முதலிலேயே பேசுங்கள். ஜாயினிங் போனஸ் என்றால், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்று படியுங்கள். போனில் சொன்னது எதுவும் கணக்கில் வராது. ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை ராஜினாமா மெயில் அனுப்பாதீர்கள்.

ஞாயிறு காலை 10 மணிக்குக் கிளப் ஹவுஸில் இருப்பேன். ஆஃபர் லெட்டர் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், சேர்ந்து கணக்குப் போடலாம்.