இரண்டரை மணி நேரம்



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் என் பெரியம்மா காலமானார். அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் இருந்தார். அங்கிருந்து காலையில் செய்தி வந்தது: "பகல் ஒரு மணிக்கு விமானம். மதுரையில் இறங்கி வந்துவிடுகிறேன்."

ஊர்ப் பெரியவர் ஒருவர் விரல் மடக்கிக் கணக்கிட்டார். "ஒரு மணிக்குப் புறப்பட்டால், பறப்பதற்கு நான்கு மணி நேரம், மாலை ஐந்து. சோதனைகள் முடிந்து காரில் வர மூன்று மணி. இரவு எட்டாகிவிடும். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டாமா?" என்றார். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர்.

"ஐயா, அந்த ஒரு மணி நம் ஊர் மணியன்று" என்றேன்.

பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. சோழபுரத்திற்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய 26 பாகை வேற்றுமை. சூரியனை மட்டும் நம்பினால், அங்கே நமக்கு ஒன்றே முக்கால் மணி முன்னதாகப் பொழுது விடியும். ஆனால் கடிகாரம் சூரியனுக்கு மட்டும் கட்டுப்பட்டதன்று, அரசாங்கத்திற்கும் கட்டுப்பட்டது! நம் நாடு முழுவதற்கும் 82½ பாகைக் கோட்டின் நேரமே நேரம். சிங்கப்பூரோ 1982 ஜனவரி முதல் நாள், மலேசியாவோடு சேர்ந்து, தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. அதுவரை இரண்டு மணியாக இருந்த வேற்றுமை இரண்டரை மணியாயிற்று. ஆகவே அவர்களுடைய பகல் ஒரு மணி, நமக்குக் காலை பத்தரை. பிற்பகல் இரண்டரைக்கெல்லாம் விமானம் மதுரையில் இறங்கிவிடும்.

பெரியவர் எளிதில் ஒப்பவில்லை. "3,000 கிலோமீட்டராமே! நான்கு மணியில் வந்துவிடுமா?" என்றார். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் விமானத்திற்கு அது கடினமன்று. மேலும், ஆடி மாதத்தில் தென்னிந்தியாவின் மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக வேகமான காற்றோட்டம் ஒன்று உண்டு. அதை ஆராய்ந்து 1950களில் உலகிற்கு எடுத்துரைத்தவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோடேஸ்வரம். விமானங்கள் பறப்பது பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழேதான். ஆயினும் அந்நாட்களில் சிங்கப்பூரிலிருந்து வருவோருக்குக் காற்று ஓரளவு துணைதான். இங்கிருந்து செல்வோருக்கு அதுவே எதிர்.

காற்றைப் பற்றிய விளக்கம் அவரைக் கவர்ந்ததாகத் தெரியவில்லை. அவரை அசைத்தது வேறொரு நினைவு. என் தாத்தாவும் அக்காலத்தில் சிங்கப்பூரில் இருந்தவர். தாயார் இறந்ததாகத் தந்தி கிடைத்து அவர் ஏறியது 'ரஜூலா' என்னும் கப்பல். 1926இல் கட்டப்பட்டு, 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் மலாயா, சிங்கப்பூர்த் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய கப்பல் அது. கடலில் மட்டும் ஏறக்குறைய ஒரு வாரம். கப்பல் புறப்படும் நாளுக்காகக் காத்திருந்தது தனி. அவர் ஊர் வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. வாசலில் பெட்டியை வைத்துவிட்டு அவர் நின்ற நிலையைச் சிறுவனாக இருந்த இந்தப் பெரியவர் பார்த்திருக்கிறார்.

"சரி, ஆறு மணிவரை பார்ப்போம்" என்றார்.

அன்று ஊரில் சூரியன் மறைய ஆறே முக்கால் ஆகும். மேற்கே மலை இருப்பதால் நிழல் முன்னதாகவே விழுந்துவிடும். அது என்னைச் சற்றுக் கலங்கச் செய்தது. மதுரையிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நான் தெருமுனையிலேயே நின்றேன்.

ஐந்தே முக்காலுக்குக் கார் வந்தது. அண்ணன் இறங்கி ஓடினார். தாயின் காலைப் பற்றிய அவருடைய கையிலிருந்த கடிகாரத்தில் மணி எட்டேகால்.