குறைந்த செலவில் நிறைந்த உணவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இயலும் இசையும் நாடகமும் முழங்கும் இம்மேடையில், அடுப்படியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். சமையற்கலையில் வல்லவனும் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆயினும் ஞாயிறுதோறும் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குச் செல்பவனும், இரவில் வீட்டு வரவு செலவை எழுதி வைப்பவனும் நானே ஆகையால், இப்பொருளில் எனக்கும் சிறிது உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

மாதச் சம்பளக்காரர் வீட்டில் வாடகையைக் குறைக்க இயலாது. பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க இயலாது. மின்சாரக் கட்டணத்தையும் தள்ளிப்போட இயலாது. இருபதாம் தேதிக்குமேல் கைவைக்கக் கூடியது மளிகைச் செலவு ஒன்றே. ஆகவே, கையில் பணம் குறையுந்தோறும் முதலில் மெலிவது நம் இலை. அடுத்து மெலிவது நம் உடல். இந்த இரண்டாவது மெலிவைத் தடுக்க வழி உண்டா என்பதே இன்று நம் முன் உள்ள வினா.

முதலில் ஒரு பழைய ஆராய்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். நீலகிரியில் உள்ள குன்னூரில், 1918-ஆம் ஆண்டில் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு கூடம் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியவர் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர். அக்கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மெக்காரிசன் 1920-களில், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்த்தார். முழுக் கோதுமையும் பாலும் பருப்பும் கீரையும் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை முதலிடம் பெற்றன. கடைசி இடம் எதற்கு? மதராஸ் உணவிற்கு! தீட்டிய அரிசியை நிறையவும், பாலையும் பருப்பையும் கீரையையும் மிகக் குறையவும் கொண்ட நம் உணவிற்குத்தான் அந்தக் கடைசி இடம் கிடைத்தது. கன்னடியர் உணவு நம்மைவிட மேலே நின்றது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஏறத்தாழ நூறாண்டுகள் கடந்தும், நம்மில் பலருடைய இலையில் வெள்ளைச் சோற்றுக் குன்றும், அதன் ஓரத்தில் ஒரு கரண்டிக் காயுமே காட்சி தருகின்றன. வயிறு நிறைகிறது, உடல் நிறையவில்லை.

அப்படியாயின் எவ்வளவு உண்ண வேண்டும்? மேற்சொன்ன நிறுவனம் ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தட்டு ஒன்றை வகுத்துக் காட்டியிருக்கிறது. தானியம் 250 கிராம். பருப்பு, அல்லது அதற்கு ஈடாக முட்டை, மீன், இறைச்சி 85 கிராம். கீரையும் காய்களும் 400 கிராம். பழம் 100 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர். கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம். எண்ணெய், நெய் 27 கிராம். இதைக் கேட்டவுடன், "இது கலெக்டர் வீட்டுச் சாப்பாடு அல்லவா?" என்று சிலர் சிரிப்பது என் காதில் விழுகிறது. அன்று, நண்பர்களே! பொருளைத் தேர்ந்தெடுத்து வாங்கினால், எழுத்தர் வீட்டிலும் இத்தட்டை நெருங்க முடியும். எவ்வாறு என்று பார்ப்போம்.

தானியத்திலிருந்து தொடங்குவோம். நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டின் செல்வம் கேழ்வரகு. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கனகதாசர் 'ராமதான்ய சரிதே' என்று ஒரு நூலே செய்திருக்கிறார். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் யார் உயர்ந்தவர் என்று வழக்கு மூண்டதாம். இராமபிரான் இருவரையும் ஆறு திங்கள் சிறையில் வைத்தாராம். நெல் நலிந்துபோயிற்று, கேழ்வரகோ வைத்தபடியே இருந்தது, வெற்றியும் அதற்கே கிட்டியது. இது கதையாயினும், கேழ்வரகைப் பூச்சி எளிதில் அண்டாது, நெடுநாள் கெடாது என்னும் உண்மை இதனுள் இருக்கிறது. விலை மலிந்த காலத்தில் வாங்கி வைக்க இதைவிடச் சிறந்த தானியம் ஏது?

சத்தைப் பார்த்தாலும் அஃது ஏழைத் தானியம் அன்று. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய பச்சரிசியில் அது பத்து மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. பசும்பாலிலேயே ஏறத்தாழ 120 மில்லிகிராம்தான். நாள்தோறும் ஒரு லிட்டர் பால் வாங்க இயலாத வீட்டில், வளரும் குழந்தையின் எலும்புக்குக் கேழ்வரகு பெருந்துணை அன்றோ!

"களி உண்பது கன்னடியர் வழக்கம், நமக்குச் சோறே தகும்" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. நம்முள் பெரும்பாலோர் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டிமார் கிண்டிய களியும், ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலில் நாம் வரிசையில் நின்று வாங்கிய கூழும் எந்தத் தானியம்? அங்கே களி, இங்கே முத்தே. பெயர்தான் வேறு. ஊரில் உண்டதை நகருக்கு வந்ததும் மறந்தோம். இப்போது அதையே 'சிறுதானிய உணவு' என்று பெட்டியிலிட்டு விற்கும்போது பன்மடங்கு விலை கொடுக்கிறோம்! 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. உலகம் கொண்டாடுவதை நாம் கிலோக் கணக்கில் வாங்கிக் கழுவி உலர்த்தி, மாவு மில்லில் அரைத்துக்கொள்வோமே! வாரத்தில் மூன்று வேளை களியோ, கேழ்வரகுத் தோசையோ, அடையோ இருக்கட்டும். முளைகட்டி உலர்த்தி அரைத்தால் அதன் தாதுச் சத்துகள் உடலில் இன்னும் நன்றாகச் சேரும்.

அரிசியை அடியோடு விடச் சொல்லவில்லை. ஆனால் புழுங்கல் அரிசியை வாங்குங்கள். நெல்லை வேகவைக்கும்போதே தவிட்டில் உள்ள 'பி' உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பெரிபெரி நோய் பச்சரிசியைத் தீட்டி உண்டோரிடம் மிகுந்தும், புழுங்கல் உண்டோரிடம் அருகியும் காணப்பட்டதற்குக் காரணம் இதுவே. அவ்வரிசியையும் நீர் தெளியும் வரை பலமுறை கழுவி, பிறகு கஞ்சியையும் வடித்துக் கொட்டினால், காசு கொடுத்து வாங்கிய சத்தைச் சாக்கடைக்குத் தானம் செய்தவர்கள் ஆவோம். சரக்கு அலுவலகத்தில், ஏற்றிய மூட்டைக்கும் இறக்கிய மூட்டைக்கும் எடை குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். சந்தையில் ஏற்றிய சத்து இலையில் இறங்குகிறதா என்று நாம் கேட்பதில்லையே!

இவ்விடத்தில் கன்னட அன்னையர் நமக்கு ஓர் அரிய பாடம் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பஸ்ஸாரு. வடித்த சாறு என்பது பொருள். துவரையையோ பயறையோ முதலில் வேகவைத்து, அரைவேக்காட்டில் கீரையை அதனுடன் சேர்க்கிறார்கள். வெந்ததும் நீரை வடித்து, சிறிது மசாலை அரைத்துவிட்டுச் சாறாகக் கொதிக்க வைக்கிறார்கள். எஞ்சிய பருப்பையும் கீரையையும் தாளித்துப் பொரியலாக்குகிறார்கள். அடுப்பு ஒன்று, பாத்திரம் ஒன்று, கிடைப்பவையோ இரண்டு கறிகள். வெந்த நீரில் இறங்கிய சத்தும் வீணாவதில்லை. களிக்கு இதனினும் ஏற்ற துணை இல்லை.

பருப்பு என்றால் துவரம்பருப்பு மட்டுமே என்று எண்ண வேண்டா. அதன் விலை ஏறும்போது கொள்ளுக்கும் பச்சைப் பயற்றுக்கும் தட்டைப் பயற்றுக்கும் மாறிக்கொள்ளலாம். கொள்ளிலும் துவரையைப் போலவே நூற்றுக்கு ஏறத்தாழ 22 பங்கு புரதம் இருக்கிறது. குதிரைக்கு ஆகும், மனிதனுக்கு ஆகாது என்பது வீண் பெருமை. மார்கழி, தை மாதங்களில் இந்நகரத் தெருவெல்லாம் அவரைக்காய் மணக்கிறது. அப்போது குடும்பத்தோடு அமர்ந்து உரித்து, வேண்டிய மட்டும் உண்ணலாம். பருவத்தில் விளைவதே மலிவு. மலிவானதே பெரும்பாலும் புதிது.

நிலக்கடலையையும் மறவாதீர்கள். கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பசவனகுடி நந்தி கோயிலருகே கடலைக்காய்ப் பரிசை நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். வேடிக்கை பார்ப்பதோடு ஒரு பையையும் நிரப்பிக்கொண்டு வாருங்கள். மைசூரில் 1950-இல் தொடங்கப்பெற்ற மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம், சத்துக்குறைவைப் போக்கப் 'பல்நோக்கு உணவு' ஒன்றை உருவாக்கியது. அதில் கலந்தவை நிலக்கடலை மாவு 75 பங்கும் கடலை மாவு 25 பங்கும். மேலும் சில உயிர்ச்சத்துகளும் சுண்ணாம்புச் சத்தும். அறிஞர்கள் தேடிச் சென்ற பொருள், நம் தெருமுனைத் தள்ளுவண்டியில் இருக்கும் கடலைதான்! பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் பொட்டலத் தீனிக்குக் கொடுக்கும் காசுக்கு, வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் வெல்லமும் சேர்த்து இடித்த உருண்டை பலநாள் வரும்.

காய்கறியில் மாலைச் சந்தையின் விலை வேறு, காலைக் கடையின் விலை வேறு. சௌசௌ, பூசணி, முள்ளங்கி, நூக்கோல் ஆகியவை இந்நகரில் எளிதாய்க் கிடைப்பவை. முள்ளங்கியையும் நூக்கோலையும் இலையோடு வாங்குங்கள். இளந்தழையைக் கீரையாகச் சமைக்கலாம். பீர்க்கந்தோல் துவையலாகும், கீரைத்தண்டு சாம்பாருக்கு ஆகும். காலனியில் ஒரு முருங்கை மரம் இருந்தால், அது நமக்கெல்லாம் பொதுவான மருந்துக்கடை. நூறு கிராம் முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.

இதுவரை கூறியவை கைச்சிக்கனம். இனிக் கூறப்போவது மனச்சிக்கனத்தை விடுவது பற்றி. இதைச் சொல்லவே நான் இம்மேடையேறினேன்.

என் தந்தையார் இரயில் பாதையில் கேங்மேன். அவர் சம்பளத்தில் என் அன்னை எங்கள் ஐவரையும் வளர்த்தார். எல்லோரும் உண்ட பிறகு பானையைச் சுரண்டி, மோரை ஊற்றிக் குடித்துவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்பார். ஊரார் அதைத் தியாகம் என்று போற்றினர். மருத்துவர் அதை இரத்தச் சோகை என்றார். இஃது ஒரு வீட்டுக் கதை அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இரத்தச் சோகை உடையோர் கருநாடகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 48 பேர். தமிழ்நாட்டில் 53 பேர். இவ்விடத்தில் நாம் அண்டை மாநிலத்தாரை விஞ்சி நிற்பது பெருமைக்கு உரியதா?

தாயின் இலையிலிருந்து எடுத்து மிச்சம் பிடிப்பது சிக்கனம் அன்று, அது கடன். மருந்துக்கடையில் வட்டியோடு அதைத் திருப்பித் தர நேரும். ஆகவே நான் வேண்டுவது ஒன்றே. சமைத்து இறக்கியதும், பரிமாறுவதற்கு முன்பே, வீட்டுத் தலைவிக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உரிய பருப்பையும் கீரையையும் முட்டையையும் தனியே எடுத்து வையுங்கள். கூடுமானால் இரவு உணவையேனும் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். பானையில் இருப்பது இவ்வளவு என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தால், மகனும் கணவனும் தாமே அளவறிந்து கேட்பார்கள். கீரை உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடலில் ஏறும். உண்டவுடன் காப்பியோ தேநீரோ பருகினால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் பொறுப்பது நன்று. இதற்கு ஒரு காசும் செலவில்லை. சோகை மிகுந்தவர்களுக்கு உணவு மட்டும் போதாது. அவர்கள் மருத்துவரைக் கண்டு மாத்திரையும் பெற வேண்டும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதிலே பச்சிலைப் பெயர்களைத் தேடினால் கிடைக்கமாட்டா. அளவறிந்து, பசியறிந்து உண்ணும் முறையையே பெரிதும் பேசுகிறார். செலவின்றி வாங்கக் கூடிய மருந்து அது.

தாய்மார்களே! அடுப்பின் முன் நிற்பவர்கள் நீங்கள். உங்களுக்குச் சமையல் கற்பிக்க நான் வரவில்லை. ஆடவர்களே! உங்களுக்குத்தான் என் விண்ணப்பம். பையைத் தூக்குங்கள், அவரையை உரியுங்கள், களி கிளறத் தோள் கொடுங்கள், மனைவி உண்டாளா என்று கேட்டுவிட்டுக் கை கழுவுங்கள். அப்போது நம் வருவாய் அப்படியே இருப்பினும் நம் வீடுகள் செழிக்கும்.