சம்பா வயலுக்கு மேலே: காவிரி டெல்டாவின் கதிரியக்க வரைபடம் பற்றி ஒரு வழக்கு

இந்த அவையில் பலருக்கும் இது பழைய வழக்குதான். நெல் விளையும் வண்டல் நிலத்தின் மேல் கதிரியக்கம் அளக்க வானூர்தியில் எந்த மாதம் பறந்தால் என்ன, ஈரத்துக்கு ஒரு திருத்தக் காரணி போட்டால் போதும் என்பது நண்பர்களில் ஒரு சாராரின் கட்சி. தண்ணீரைக் குறிக்காத டெல்டா வரைபடம் மண்ணின் வரைபடமே அல்ல என்பது என் கட்சி.

வானூர்தியில் வைத்த சோடியம் அயோடைடு படிகம் தரையிலிருந்து வரும் காமாக் கதிர்களை எண்ணுகிறது. பொட்டாசியத்துக்கு 1460, யுரேனிய வரிசையின் பிஸ்மத்துக்கு 1765, தோரிய வரிசையின் தாலியத்துக்கு 2614 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று தனித்தனி அடையாளம் உண்டு. கருவிக்குத் தெரிவது மேல்மண்ணில் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் மட்டுமே. உழவர் ஏர் ஓட்டும் ஆழத்தைவிடச் சற்றே அதிகம்.

பாபநாசம் பக்கத்தில் ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். சித்திரையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஐப்பசியில் அதே வயல் சேறடித்து, சம்பா நட்டு, ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்டி நிற்கிறது. நூறு மீட்டர் உயரத்தில் பறப்பவருக்கு அந்த இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டுமே பொட்டாசியக் கதிரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. தோரியத்தில் சற்றுக் குறைவு. சேற்றுக்குள் ஊறிய நீர் மீதியில் கால் பங்கைக் குறைக்கும். ஆக, கணக்குப் போட்டால் சித்திரை வயலின் பாதிதான் ஐப்பசியில் தெரிகிறது. மண்ணோ ஒரு பிடியும் மாறவில்லை. யுரேனியத்தின் சங்கதி இன்னும் சிக்கல். காற்றில் மிதக்கும் ரேடானின் வழித்தோன்றல்களை வடகிழக்குப் பருவமழை தரையில் இறக்குவதால், மழை விட்ட சில மணி நேரத்துக்கு இல்லாத யுரேனியம் இருப்பதுபோல் தோன்றும். நீர் நிறைந்த சேறும் ரேடானை வெளியே விடாமல் மண்ணுக்குள்ளேயே அடைத்து வைக்கிறது. கதிரைக் குறைக்கும் தண்ணீருக்கும், கூட்டிக் காட்டும் இவற்றுக்கும் ஒரே காரணி எப்படிப் பொருந்தும்? பக்கத்து வயலில் மடை திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்பது எந்தக் காரணிக்குத் தெரியும்? அமெரிக்காவில் நீர் கதிரைத் தணிக்கும் இதே விளைவை வைத்துப் பனியின் நீர் அளவைப் பல ஆண்டுகளாகக் கணக்கிட்டு வருகிறார்கள். அங்கே அளவைப் பொருளாக இருப்பதை நாம் பிழை என்று கழித்துவிடுகிறோம்!

தோரியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதத்தை எடுத்தால் தண்ணீர் பெரும்பாலும் அடிபட்டுப் போகும் என்கிறார்கள். உண்மைதான். பாறை தேடுபவருக்கு அது போதும். 1949-இல் தொடங்கிய அணுக்கனிமத் துறைக்கு 1950-களில் வானூர்தி தேவைப்பட்டது கனிமத்துக்காகவே. ஆனால் மக்கள் பெறும் கதிர்வீச்சு அளவை விகிதமாகச் சொல்ல முடியாது. பொட்டாஷ் உரம் கணக்கைக் கெடுக்கும் என்பது இன்னொரு மறுப்பு. ஒரு ஹெக்டேர் மேல்மண்ணில் பொட்டாசியம் ஒரு விழுக்காடு என்றாலே இருபது டன். போகத்துக்கு இடுவது சில பத்துக் கிலோ. அதை விட்டுவிடலாம். கோடையில் பறந்தால் தீர்ந்தது என்போருக்கு ஒன்று: பாசனத்துக்கு மேட்டூர் அணை திறப்பது ஜூன் 12 என்பது மரபு, 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தில் கோடையிலும் நெல் நிற்கிறது.

ஊர்க் குடியிருப்பான நத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். மக்கள் குடியிருப்பது மேட்டில். சில நூறு மீட்டர் அகலத்தைச் சேர்த்துப் பார்க்கும் கருவியோ சுற்றியுள்ள வயலையே பெரிதும் எண்ணுகிறது. அங்கே தரை அளவை தவிர வேறு வழியில்லை.

இனிச் செய்ய வேண்டியது என்ன? வல்லத்துச் செம்புறை மேட்டுக்கும் பழைய டெல்டாவின் களிமண்ணுக்கும் இடையிலான எல்லையைக் குறுக்கே கடக்கும் பறப்புக் கோடுகள் வேண்டும். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் அந்த மேடு எவ்வளவு மாறுகிறது என்பதும் அவற்றால் தெரியவரும். நாகை, வேதாரண்யம் கடற்கரையின் கனமணலைத் தனியே பார்க்க வேண்டும். 1909-இல் தோரியம் தாங்கிய மோனசைட் கண்டறியப்பட்ட மணவாளக்குறிச்சியோடு அதைக் குழப்பக் கூடாது. ஒரே கோட்டில் ஆண்டுக்கு மூன்று முறை பறப்பதும், பறக்கும் நாளன்று வயல்நீரைக் கீழே ஒருவர் அளந்து குறிப்பதும் பெரிய செலவல்ல.