ஊற்றுக்கண்ணைக் காப்போம்

ஹோர்ட்டன் சமவெளிக்கு அண்மையிலுள்ள டயகம போன்ற மலைத்தோட்டங்களில் பலருக்குக் குடிநீர் தருவது கிணறன்று, பீலியே. ஊற்றுக்கண்ணில் பிறந்து லயத்துக்கு இறங்கும் அந்நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஆயினும் தெளிவு வேறு, தூய்மை வேறு.

1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் பிராடு வீதியில் வாந்திபேதி பரவி, அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மக்கள் விரும்பி அருந்திய கிணற்றுநீரே காரணமென மருத்துவர் ஜான் சினோ ஆராய்ந்து காட்டினார். அருகிலிருந்த மலக்குழியின் கசிவு அக்கிணற்றில் கலந்தமை பின்னர்த் தெரியவந்தது.

மலைச்சரிவிலோ இவ்வபாயம் இன்னும் மிகுதி. மேலே இட்டது கீழே வந்தே தீரும். ஆகவே ஊற்றுக்கு மேற்புறத்தில் மலசலகூடமும் மாட்டுப்பட்டியும் வேண்டா. களைகொல்லி தெளித்த கருவிகளை அங்கே கழுவுதலும் தகாது. ஊற்றுக்கண்ணைக் கல்லும் சீமெந்தும் கொண்டு மூடிக் கட்டுங்கள். மழைவெள்ளம் விலகி ஓட, மேலே ஒரு கான் வெட்டுங்கள்.

நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் மாளும்; உரமும் மருந்தும் நீங்கா. எனவே காவல் ஊற்றிலேயே தொடங்கவேண்டும். மேல்லயத்தார் கொள்ளும் கவனமே கீழ்லயத்துக் குழந்தைக்கு உயிர்க்காப்பு என்பதை மறவாதிருப்போமாக.