அறிவு தெளிவாக உள்ளபோதே
(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வயலையும் கிணற்றையும் பற்றி நாம் பன்முறை பேசியிருக்கிறோம். இன்று அவற்றுக்கு உடையவரைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். முதுமையில் சிலருக்கு ஞாபகம் படிப்படியாக மங்குகிறது. சிலருக்குப் பக்கவாதத்தால் ஒரே இரவில் நினைவு தவறுகிறது. அப்பொழுது நிலத்தை யார் கவனிப்பது, கடனை யார் புதுப்பிப்பது, வைத்தியத்துக்கு எதை விற்பது?

"மகன் பெயரில் பவர் பத்திரம் இருக்கிறதே" என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும், சித்தசுவாதீனம் இழந்தாலும், அந்த அதிகாரம் முடிவடைகிறது. எந்த நாளுக்கென்று அதை எழுதி வைத்தோமோ, அந்த நாளிலேயே அது வெறும் காகிதமாகிவிடுகிறது. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டிலேயே, அறிவு தவறிய பின்னும் நிலைக்கும் அதிகாரப் பத்திரத்துக்குச் சட்டம் செய்தார்கள். நம் நாட்டில் அத்தகைய சட்டம் வரவில்லை. வரவேண்டும் என்பதே நமது கருத்து. உயிலும் இதற்கு உதவாது. எழுதியவர் காலமான பிறகே அது நடைமுறைக்கு வரும்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தகப்பனார் பெயரில் மூன்று ஏக்கர் நஞ்சை. அவருக்குப் பெற்ற மக்களையே அடையாளம் தெரியவில்லை. மருத்துவச் செலவுக்கு அரை ஏக்கரை விற்றாக வேண்டும். மூத்த மகன் அவருடைய கட்டைவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் ரேகை வைக்கிறான். மெய்யான அன்போடுதான் வைக்கிறான். ஆயினும் அது செல்லாது. வாங்கியவரும் நஷ்டப்படுவார். சாட்சிக் கையொப்பமிட்ட பஞ்சாயத்து அங்கத்தினர் பிற்பாடு கோர்ட்டுப் படியேற நேரும். முறைப்படி செய்வதானால், பெரும்பாலும் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்து காப்பாளர் நியமனம் பெற வேண்டும். அறுவடையும் கடன் தவணையும் அதுவரை காத்திரா.

ஆகையால் அறிவு தெளிவாக உள்ளபோதே ஏற்பாடு செய்ய வேண்டும். 60 வயது நிரம்பியவர் மக்களுக்குத் தான செட்டில்மெண்டு எழுதுவதானால், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் செய்க. அவ்வாறு எழுதி, மக்கள் தவறினால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவின்படி அப்பத்திரத்தைத் தீர்ப்பாயம் ரத்துச் செய்யலாம். பெற்ற மக்களை நம்பவில்லையா என்று கேட்பவர் உண்டு. அண்ணன் தம்பி நிலத்துக்கும் நடுவே வரப்பு இருக்கிறதல்லவா? ஒருவர் கையில் கொடுக்க மனமில்லாதவர், 1882-ஆம் ஆண்டின் டிரஸ்ட் சட்டப்படி, பதிவுப் பத்திரத்தின் மூலம் நம்பிக்கையான இருவரை டிரஸ்டிகளாக்கி, வருமானம் தம் ஆயுள்வரை தம் பராமரிப்புக்கே செல்லுமாறு செய்யலாம். எவ்வாறு எழுதினும் தம் பங்கு அளவுக்கே எழுத முடியும். பூர்வீகச் சொத்தில் பிறர் பங்கைத் தொட இயலாது.

"பூரண அறிவோடும் நல்ல நினைவோடும் எழுதி வைத்தது" என்று பத்திர எழுத்தர் வழக்கமாக எழுதிவிடுவார், எவரும் கவனிப்பதில்லை. பின்னாளில் வழக்கு நிற்பது அந்த வரியில்தான். முதியவர் எழுதும் பத்திரமானால், அன்றே டாக்டரிடம் சான்று பெற்று வைப்பது நலம்.

மனநோய்ச் சிகிச்சை விஷயத்துக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. தம் சார்பில் முடிவெடுக்க உதவும் பிரதிநிதியை, 18 வயது நிரம்பிய எவரும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டு நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பிரதிநிதிக்கு நிலத்தின்மேல் அதிகாரம் கிடையாது, இதைக் குழப்பிக்கொள்ளலாகாது.

வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சுவோர் வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடுக. பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாயினும் அங்கு இலவச உதவி உண்டு. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு அக்குழுவின் வக்கீல் ஒருவரை அழைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பட்டாவையும் பழைய பவர் பத்திரத்தையும் அன்று கையோடு கொண்டு வாருங்கள்.